குதிரை வந்தது, வைத்தியம் வந்ததா? மஅபர் கரையிலிருந்து ஒரத்தநாடு வரை

நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரத்து நிக்காஹ் பதிவேடுகளைப் புரட்டினால் மரைக்காயர், இராவுத்தர் என்னும் இரு பட்டப்பெயர்கள் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். முன்னது கடலைச் சார்ந்தது. மரக்கலத்தோடு இணைத்து அதனை விளக்குவோர் பலர். பின்னதற்குக் குதிரை வீரன் என்பது பொருள். இச்சொல் தமிழ் மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சைவ மரபில் வழங்கும் மாணிக்கவாசகர் கதையே சான்று. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர், கொண்டுசென்ற பொருளைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட, இறைவனே குதிரை வணிகர் கோலத்தில் மதுரைக்கு வந்து நின்றதாக அக்கதை கூறுகிறது. குதிரை என்றாலே கடல் கடந்து வரும் வணிகரை நினைக்கும் அளவிற்கு அன்றைய தமிழகம் பழகியிருந்தது.

இஸ்லாம் இக்கரையை அடைவதற்கு முன்னரே இப்பழக்கம் தொடங்கிவிட்டது. நமதூருக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் நீர்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. நெல்லும் நீரும் நிறைந்த காவிரிப்படுகை மாட்டுக்கு உகந்த நிலம். குதிரை இனம் பெருகுவதற்குரிய பரந்த உலர்புல்வெளி இங்கில்லை. ஆகவே சோழரும் பாண்டியரும் விசயநகரத்தாரும் தலைமுறை தலைமுறையாகக் குதிரையை விலைகொடுத்தே வாங்கினர். அவ்வணிகத்தின் பெரும்பகுதி அரபு, பாரசீக முஸ்லிம்களின் கையில் இருந்தது.

இதுவரை சொன்னவற்றை நம்மவர் எழுதிய ஊர் வரலாறுகள் பலவற்றிலும் பார்க்கலாம். கப்பல் கரையைத் தொட்டதும் அவை நின்றுவிடுகின்றன. கரையிறங்கிய குதிரைக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்று கேட்பவர் குறைவு. அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை நமக்கு முழுவதும் பெருமை தருவதாக இல்லை. ஆயினும் அதைக் கேட்காமல் விடுவது நேர்மையாகாது.

இரு சாட்சியங்கள்

கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை நீண்ட இக்கடற்கரையை அரபு, பாரசீக நூலாசிரியர்கள் மஅபர் என்றழைத்தனர். நாகூர்க் கரையும் அதனுள் அடங்கியதே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஷீராஸ் நகரத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபரின் குதிரை வணிகத்தைக் கணக்கோடு பதிந்து வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கைஸ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகளில் 1,400ஐ மஅபரில் இறக்க வேண்டும். கதீஃப், அல்அஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்து கிடைப்பவற்றையும் சேர்த்தனுப்பலாம். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொற்காசு. அதாபக் அபூபக்ர் ஆட்சியில் மஅபர், கம்பாத் முதலிய துறைகளுக்கு ஆண்டிற்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மொத்த மதிப்பு 22 லட்சம் பொற்காசு என்றும் அவர் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசவையில் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளை நிருவகித்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் அரசின் அமைச்சர் தம்பி. இன்றைய தணிக்கையாளர் கண்ணில் பட்டால் புருவத்தை உயர்த்தியிருப்பார்.

அவ்வொப்பந்தத்தில் மற்றொரு விதியும் இருந்தது. குதிரை இறந்துபோனால் அதன் விலையையும் அரச கருவூலமே கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து வஸ்ஸாஃப் வியப்போடு எழுதும் பகுதியே நம் கட்டுரைக்குக் கருவானது. கரையிறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமை கொடுக்காமல் வறுத்த வாற்கோதுமையும், நெய் கலந்து சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கிறார்கள். கொழுக்க வேண்டுமென்று 40 நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைக்கிறார்கள். பிறகு படிப்படியான பயிற்சி எதுவுமின்றி வீரர்கள் ஏறி விரட்டுகிறார்கள். வேகமும் வலிவும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே தளர்ந்து பயனற்றுப் போகின்றன. ஆதலால் ஆண்டுதோறும் புதுக்குதிரை தேவைப்படுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் இதையே சொல்கிறார். மன்னன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவன் சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் உணவாகக் கொடுக்கிறார்கள்; குதிரையைப் பேணத் தெரிந்தவர் எவருமில்லை. இத்துடன் அவர் ஒரு குற்றச்சாட்டையும் வைக்கிறார். குதிரை விற்கும் வணிகர்கள் குதிரை வைத்தியரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை, வேறெவரும் செல்லவும் விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாகத்தான் அவர்களுக்கு வாணிகம் நடக்கும் என்கிறார்.

வஸ்ஸாஃபின் பக்கங்களில் ஒரு நோய்க்குறிப்பு

மேற்கண்ட பகுதியை இன்றைய கால்நடை மருத்துவ மாணவர் ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதை வரலாறாகப் படிக்கமாட்டார். நோயாளியின் பின்னணிக் குறிப்பாகப் படிப்பார்.

குதிரையின் இரைப்பை அதன் உடலளவை நோக்கச் சிறியது. ஏறக்குறைய 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உண்டது ஒவ்வாவிடினும் குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதித்தல் குதிரைக்குக் குடலின் பின்பகுதியில் நடக்கிறது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல்லை மேய்வதற்கென்று படைக்கப்பட்ட உடல் அது. அவ்வுடலுக்குள் வெந்த தானியத்தை நெய்யோடு அளவின்றிச் செலுத்தினால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்து புளித்து அமிலமாகிறது. அதன் விளைவுகளில் ஒன்று கோலிக் எனப்படும் கடும் வயிற்றுவலி. குதிரை முன்னங்காலால் தரையைப் பிறாண்டும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்த்து உருளும். மற்றொன்று குளம்பின் உள்ளே நிகழ்கிறது. குளம்புக் கூட்டையும் கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் மென்தகடுகள் அழற்சியுற்று நெகிழ்கின்றன, லாமினைட்டிஸ் என்பர். அந்நோய் கண்ட குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்னே சாய்த்து நிற்கும். முற்றிவிட்டால் அது மீண்டும் ஓடுவது அரிது.

40 நாள் கட்டிப்போட்டுத் தீனி போட்டுவிட்டு, பிறகு திடீரென விரட்டுவது வேறொரு நோய்க்கு வாயில் திறக்கிறது. ஐரோப்பிய உழவர்கள் ஞாயிறன்று ஓய்வளித்தும் தீனியைக் குறைக்காமல், திங்களன்று ஏரில் பூட்டியதும் குதிரைகள் தசை இறுகி, கருஞ்சிவப்பாகச் சிறுநீர் கழித்து, நகர முடியாமல் நின்றதைக் கண்டார்கள். அதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயரிட்டார்கள். ஒரு நாள் ஓய்வுக்கே அந்நிலை என்றால் பாண்டியனின் இலாயத்தில் 40 நாள்!

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த நோயாளியைத் தாளைப் பார்த்துப் பரிசோதிப்பதில் ஓர் எல்லை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா நோயும் அன்று பல குதிரைகளைக் கொன்றிருக்கக்கூடும். அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரைப் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் என்னும் படைக் கால்நடை மருத்துவர் 1880இல்தான் கண்டறிந்தார். தட்பவெப்பமும் ஒரு காரணமே. ஆனால் பழியை முழுதும் மண்ணின் மேல் போட்டுவிட முடியாது. நாகூருக்குத் தெற்கே கோடியக்கரைச் சரணாலயத்திற்குச் சென்றவர்கள், மனிதர் பராமரிப்பின்றிக் காட்டு விலங்காகவே திரியும் மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். அவை மஅபர்க் குதிரைகளின் வழிவந்தவை என்று நாம் சொல்லவரவில்லை. உருவிலும் அவை சிறியவை. எனினும் இதே உப்புக்காற்றில், இதே மழையில், நெய்யும் பாலுமின்றிப் புல்லை மேய்ந்து அவை குட்டி போட்டு வாழ்கின்றன. முளைக்கயிறு அவற்றுக்கு இல்லை.

வணிகர் மீதான வழக்கு

மார்க்கோ போலோ வைத்த குற்றச்சாட்டை என்ன செய்வது? அயலார் காழ்ப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் குதிரைகள் மாண்ட செய்தியை முஸ்லிமான வஸ்ஸாஃபும் உறுதி செய்கிறார். வணிகர்கள் வைத்தியரைத் தடுத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அதே வேளை, வைத்தியர் எவரும் வந்ததாகவும் இப்பகுதியில் அவர் குறிப்பிடவில்லை. ஆகவே தடுத்தார்கள் என்பதற்கு மார்க்கோ போலோ ஒருவரே சாட்சி. ஒற்றைச் சாட்சியை வைத்து நம் முன்னோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதற்காக அவர்களை அவசரமாக விடுவிக்கவும் நமக்கு மனம் வரவில்லை.

காரணம், அந்த அறிவு அக்கரையில் நிறைந்திருந்தது. குதிரை மருத்துவத்தை அரபியர் பைத்தரா என்றனர், மருத்துவர் பைத்தார். 9ஆம் நூற்றாண்டிலேயே அப்பாசிய கலீஃபாவின் குதிரை இலாயத்திற்குத் தலைவராயிருந்த இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றம், குதிரை மருத்துவம் இரண்டையும் பற்றி நூல் எழுதினார். வஸ்ஸாஃப் தம் வரலாற்றை எழுதிவந்த அதே தலைமுறையில், கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவர் அபூபக்ர் இப்னு பத்ர், குதிரை இலக்கணத்தையும் மருத்துவத்தையும் விரித்துரைக்கும் பெருநூலை இயற்றினார். சுல்தானின் பெயரால் அது நாஸிரீ என்று வழங்கலாயிற்று. கப்பல் நிறையக் குதிரை ஏறிய உலகத்தில் அக்கப்பலில் ஏற்ற ஒரு பைத்தார் கிடைக்காமல் போயிருக்கமாட்டார்.

அறிந்ததைக் கேட்டவரிடம் மறைப்பவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. கடிவாளம் என்னும் சொல்லைக் குதிரை வணிகர் எவரும் புரியாமல் கேட்டிருக்க முடியாது. குதிரையின் நெற்றிமயிரில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியும், தம் குதிரையின் முகத்தை மேலாடையால் துடைத்துக்கொண்டிருந்ததாக முவத்தாவில் வரும் செய்தியும் அவர்கள் அறிந்தவையே.

வாங்கியவர் பக்கமும் பார்க்க வேண்டும். இறந்த குதிரைக்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தம் எழுதிய பிறகு, குதிரை உயிரோடிருப்பதில் விற்பவருக்கு என்ன அக்கறை மிஞ்சும்? இரு நூற்றாண்டு கழித்தும் இந்நிலை மாறவில்லை. விசயநகரத்து மன்னர் சாளுவ நரசிம்மர் உயிருள்ள குதிரையோடு செத்த குதிரையையும் விலைக்கு எடுத்துக்கொண்டார் என்றும், கடலில் மாண்டதற்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் முழுவிலை கிடைத்தது என்றும் போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதிவைத்தார். வாலுக்கு விலை கொடுத்த அரசுகள் ஒரு வைத்தியருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். இதில் பெரும்பிழை விதியை எழுதியவருடையது என்பதே நம் கருத்து. அவ்விதியில் இலாபம் கண்டு வாய்மூடி இருந்தவர்க்கும் அதில் பங்குண்டு.

ஏட்டில் இருந்த வைத்தியம்

இந்தியாவில் குதிரை மருத்துவ அறிவே இல்லை என்று மார்க்கோ போலோ கருதியதும் சரியன்று. சாலிஹோத்ரர் பெயரால் வடமொழியில் குதிரை மருத்துவ மரபு ஒன்று நெடுங்காலமாக இருந்தது. முஸ்லிம் சுல்தான்கள் காலத்தில் அது பாரசீகத்திற்குப் பெயர்க்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியக் குதிரைப்படைகளின் வைத்தியரைச் சலோத்ரி என்று அழைத்தனர். அப்பெயர் சாலிஹோத்ரர் பெயரின் திரிபே. வடமொழி முனிவர் பெயரைப் பட்டமாகத் தாங்கி, பாரசீக நூலைக் கையில் வைத்து, அரபுக் குதிரைக்கு மருந்து கொடுத்த முஸ்லிம் சலோத்ரிகளை எண்ணிப் பார்த்தால் நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது.

நமக்கு அருகிலேயே தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தை 1952இல் பதிப்பித்தது. தஞ்சை மராட்டியருக்கும் நமதூருக்கும் உள்ள உறவை நாம் விளக்க வேண்டியதில்லை. தர்காவின் 131 அடி பெரிய மினாராவை எழுப்பியவர் மன்னர் பிரதாபசிங். அவ்வழியில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்னும் நிலையத்தை அமைத்து மனிதர்க்கும் விலங்குகட்கும் மருந்துகளை ஆராயச் செய்தார்.

ஆயினும் ஏட்டுக்கும் இலாயத்திற்கும் இடையே தூரம் அதிகம். நல்ல சுழி, தீய சுழி, நிறம், கனைப்பு ஆகியவற்றை நூல் கற்றவர் அறிவார். நேற்றுப் போட்ட தீனியில் எவ்வளவு மிச்சம், இன்று காலைச் சாணம் எப்படி, எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்பதைக் குதிரைக்காரர் அறிவார். இவ்விருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தால்தான் மருத்துவர் உருவாக முடியும்.

அவ்விடத்தைப் பள்ளிக்கூடமாக முதலில் அமைத்தவர் பிரான்சின் லியோன் நகரில் குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் நடத்திவந்த குளோத் பூர்ஜெலா. 1762இல் அவர் தொடங்கிய பள்ளியே ஐரோப்பாவின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. 1791இல் இலண்டனில் ஒன்று எழுந்தது. இங்கே ஆங்கிலேயர்க்குப் படைக்குதிரையே முதற்கவலை. 1824இல் ஓசூரில் அவர்கள் படைக்குரிய குதிரைப் பண்ணையை நிறுவினர். 1862இல் புனேயில் இராணுவக் கால்நடைப் பள்ளியும், 1882இல் லாகூரிலும் 1886இல் பம்பாயிலும் கல்லூரிகளும் தோன்றின. சென்னை வேப்பேரியில் 1903 அக்டோபர் 1ஆம் நாள் 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1935இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது; இந்தியாவில் இத்துறையில் முதன்முதல் பட்டம் வழங்கிய கல்லூரி அதுவே.

அன்றைய மாணவர்க்கு உடற்கூற்றியல் என்றால் குதிரைதான். 1910இல் வெளிவந்து உலகெங்கும் பாடநூலாக விளங்கிய சிசனின் உடற்கூற்றியல் நூல் குதிரையை மாதிரியாக வைத்து, மற்ற விலங்குகளை அதனோடு ஒப்பிட்டது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. படைகளிலிருந்து குதிரை விலகியது. தெருவில் ஜட்கா குறைந்தது. 1964இல் இராகவன் எழுதிய இந்தியப் பாடநூல் மாட்டையே மாதிரியாகக் கொண்டது. நம் நாட்டுக்கு அது தேவையான மாற்றமே. உம்பளாச்சேரி மாட்டின் தோளில் நின்ற காவிரிப்படுகைக்கு மாட்டு வைத்தியர் வேண்டாமா? ஆனால் அம்மாற்றத்தில் குதிரையைத் தொட்டுப் பழகிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன.

இன்றைய மாணவர் கையில்

2012இல் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. சரபோஜி 1802இல் முத்தாம்பாள் சத்திரம் கட்டிய அதே ஊர். காவிரிப்படுகைப் பிள்ளைகள் வேப்பேரிக்கோ நாமக்கல்லுக்கோ போகாமல் தம் மண்ணிலேயே இப்படிப்பைப் படிக்க வழி பிறந்தது. நம் சமுதாயப் பெற்றோர் பிள்ளைகளை மனித மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் அனுப்பத் தவிக்கும் அளவிற்கு இத்துறையை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது நம் நீண்டநாள் மனக்குறை. பைத்தார்களின் வழித்தோன்றல் என்று மேடையில் பேசுவதற்கு மட்டும் குறைவில்லை.

படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உட்பட, ஐந்தரை ஆண்டு. பசு, எருமை, ஆடு, கோழி, நாய் ஆகியவையே அதில் பெரும்பங்கு பெறுகின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 3.4 லட்சமே, 2012ஐ விட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு. எண்ணிக்கை குறையக் குறைய மாணவர் குதிரையைக் காணும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் நோயுற்ற குதிரைக்கு, நாட்டில் தன்னினம் எத்தனை என்ற கணக்கால் யாதொரு பயனுமில்லை. நள்ளிரவில் கோலிக் கண்டு உருளும் குதிரையின் உரிமையாளர் தொலைபேசியில் அழைப்பது பக்கத்து ஊர் மருத்துவரைத்தான். அவர் மாட்டில் தேர்ந்தவராக இருப்பார்.

அம்மருத்துவரை ஆயத்தப்படுத்துவது எப்படி? அரிய அறுவை சிகிச்சைகளை எல்லா மாணவர்க்கும் கற்பிப்பது இயலாது; தேவையுமில்லை. அன்றாடம் வேண்டியவை சிலவே. அவற்றைக் கை பழகும் வரை செய்திருக்க வேண்டும். குரல் கொடுத்துக்கொண்டே இடப்புறத் தோளருகே அணுகுதல், காது பின்னே மடிந்திருக்கிறதா, பின்கால் எடை மாற்றுகிறதா என்று கவனித்தல், தலைக்கயிறு மாட்டுதல், ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பின் அடியைச் சுத்தம் செய்து பார்த்தல். தாடை எலும்பின் கீழே விரல் வைத்து நாடி எண்ணுதல். ஓய்விலுள்ள வளர்ந்த குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை. விலாவின் இருபுறமும் மேலும் கீழும் காது வைத்துக் குடலோசை கேட்டல். ஓசை அடங்கிப்போன வயிறு அபாய அறிகுறி. ஈறின் நிறம் பார்த்தல். இவை யாவும் ஒரு மணி நேரப் பாடத்தில் சொல்லி முடிக்கக்கூடியவை. உதைக்கு அஞ்சாமலும் அசட்டையின்றியும் செய்வதற்குப் பல குதிரைகளோடு பல நாட்கள் வேண்டும். பல நாடுகளில் இப்போது ஊசி போடவும் உட்பரிசோதனை செய்யவும் செயற்கைக் குதிரை உருவங்களில் முதலில் பழக்குகிறார்கள். நல்ல ஏற்பாடே. ஆயினும் அவ்வுருவம் காதை மடிப்பதில்லை.

மாட்டில் தேர்ந்த கை குதிரையிடம் தவறக்கூடிய இடங்களைத் தனியே கற்பிப்பதும் இன்றியமையாதது. மூங்கில் குழாயால் மருந்து புகட்டும் நம்மூர் வழக்கத்தைக் கோலிக் கண்ட குதிரையிடம் காட்டினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். மூக்கின் வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தத் தெரிந்திருக்க வேண்டும். கோழி, மாட்டுத் தீவனங்களில் கலக்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து சிறிதளவே போதும், குதிரையின் இதயத்தைச் சிதைத்துவிடும். மிச்சமான கோழித் தீவனம்தானே என்று போட்டு, காலையில் குதிரையை இழப்பவர் உண்டு. டெட்டனஸ் நோய்க்கு வீட்டு விலங்குகளில் மிக எளிதில் இலக்காவது குதிரையே. குளம்பில் ஏறிய ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

பழகுவதற்குக் குதிரை எங்கே என்ற கேள்வி எழும். கிண்டி பந்தய இலாயங்களும் சென்னைக் காவல்துறைக் குதிரைப்படையும் ஒரத்தநாட்டுக்குத் தொலைவு. ஆனால் பொங்கலையொட்டித் திருக்கடையூர்ப் பகுதியில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் எல்கைப் பந்தயத்தில் ஓடுகின்றன. ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு மார்வாரியும் கத்தியவாரியும் வந்து நிற்கின்றன. வயலில் பாம்பு தீண்டிய உழவருக்கு மருத்துவமனையில் ஏற்றும் நச்சுமுறிவு மருந்து, சிறுகச் சிறுகப் பாம்பு நஞ்சு செலுத்தப்பெற்ற குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. அக்குதிரைகளைப் பேணவும் ஆள் வேண்டும். நமதூர்த் தெருக்களிலும் குதிரை இருக்கிறது: மாப்பிள்ளை ஊர்வலத்திற்கு வாடகைக்கு வருகிறதே, அதுவே.

அதன் மேல் சம்கி விரிப்பும், சுற்றிலும் விளக்கும், காலடியில் வெடியும். ஊர்வலம் பேசும்போது நாம் கேட்பது வாடகையை மட்டுமே. லாடம் மாற்றி ஆறு வாரமா, எட்டு வாரமா, அதற்கும் மேலா? இவ்வாண்டு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? எத்தனை மணிக்குத் தண்ணீர் காட்டினார்கள்? ஒரத்தநாட்டில் உள்ளிருப்புப் பயிற்சியில் இருக்கும் மாணவர் ஒருவரை அன்று மாலை நம் பந்தலுக்கு விருந்தினராக அழைத்து, இக்கேள்விகளைக் கயிறு பிடித்து வரும் பையனிடம் கேட்கச் சொல்லலாம். பையனுக்குத் தெரிந்தது மாணவருக்குக் கிடைக்கும்; மாணவருக்குத் தெரிந்தது பையனுக்கு. வெடியைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்வதை நாமே செய்துவிடலாம்.